வடிகிற காதும் வடியாத காதும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் அக்கா மகளுக்கு வயது 10. பிறந்ததிலிருந்தே எச்.ஐ.வி. இருக்கிறது. அக்கா இப்போது இல்லை. நான்கு வருடமாகக் குழந்தை என்னிடம்தான் வளர்கிறாள். மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறேன். வைரல் லோடு (இரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். ஆனால் இரண்டு வருடமாக அவளுக்கு வலது காதில் விட்டுவிட்டுச் சீழ் வடிகிறது. சொட்டு மருந்து விட்டால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். சளி பிடித்தால் திரும்ப வரும். வலி இல்லை. இடது காதில் எந்தத் தொந்தரவும் இல்லை.

வகுப்பில் கவனமே இல்லை என்று டீச்சர் சொல்கிறார். வீட்டிலும் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். நாங்கள் திட்டுவதும் உண்டு. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், குறட்டையும் விடுகிறாள். என்னிடம் வருவதற்கு முன்பு காசநோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது ஊசியா மாத்திரையா என்று எனக்குத் தெரியாது.

"அந்த மாத்திரைதான் காதைக் கெடுக்குது, கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு" என்கிறார் என் மாமியார். நிறுத்தலாமா? என் 4 வயது மகன் அவள் தலையணையில்தான் தூங்குகிறான். அந்தச் சீழ் பட்டால் அவனுக்கும் எச்.ஐ.வி. வருமா? காது டாக்டரிடம் இவளுக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்ல வேண்டுமா? பள்ளியில் என்ன சொல்வது? தலைக்குக் குளிக்க வைக்கலாமா? அவளுக்கே இன்னும் விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். உங்கள் மாமியார் குழந்தை மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் பழி தப்பான இடத்தில் விழுகிறது. இந்த மருந்துகள் காதைப் பாதிக்கின்றனவா என்று பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு எந்த ஆதாரமும் வரவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். சில வாரங்களில் வைரஸ் மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்கே அது அடங்காமல் போகலாம். எதிர்ப்புச் சக்தி இறங்கினால் காதில் சீழ் இப்போது இருப்பதைவிட அதிகமாகத்தான் வடியும். காது நன்றாக வேண்டுமென்றாலும் அந்த மாத்திரை வேண்டும்.

சரி, இப்போது காதுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதெல்லாம் வலது காதைப் பற்றி. படித்து முடித்தபோது எனக்குக் கவலை வந்தது இடது காதை நினைத்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு காது மட்டும் மந்தமாகி இன்னொரு காது நன்றாகக் கேட்கிற குழந்தைக்கு, அமைதியான வீட்டில் அவ்வளவாகச் சிரமம் இருக்காது. கூப்பிட்டால் காதில் விழும். எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது என்று தெரியாமல் தப்பான பக்கம் திரும்பும், அவ்வளவுதான். இரைச்சலான வகுப்பறையில் திணறும். ஆனால் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவை பெரிதாக வராது. உங்கள் பெண் இரண்டையும் செய்கிறாள்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவியையும் கூட்டி வைக்கிறாள். அப்படியென்றால் நல்ல காது என்று நாம் நினைக்கிற இடது காதும் அவ்வளவு நன்றாக இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் விடுவதும் சரியில்லை.

எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் காதுப் பிரச்சினை மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. மலாவி நாட்டின் லிலோங்வே நகரில் 4 முதல் 14 வயதுள்ள 380 குழந்தைகளைச் சோதித்து, 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அதில் பெரும்பகுதி நடுக்காதுக் கோளாறு, அதாவது சிகிச்சைக்கு இடம் கொடுக்கிற வகை. அடிக்கடி காதில் சீழ் வடிந்த குழந்தைகளுக்குத்தான் வாய்ப்பு பல மடங்கு அதிகம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னொரு தகவல். காது மந்தமாக இருந்த குழந்தைகளை வளர்த்தவர்களில் 40 சதவீதம் பேர்தான் அதைச் சரியாகக் கவனித்திருந்தார்கள். மீதிப் பேர் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். வலி இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒருநாள் நன்றாகவும் ஒருநாள் மந்தமாகவும் வருகிற குறையை வீட்டில் இருந்தபடி கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் திட்டியதை நினைத்து மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். இனிமேல் திட்ட வேண்டாம், அது போதும்.

சீழே வராத காது எப்படி மந்தமாகும்? இங்கேதான் அந்தக் குறட்டை வருகிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. நடுக்காதுக்குக் காற்று போவது அந்த வழியாகத்தான். குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் சளியும் கிருமியும் எளிதாக மேலே ஏறிவிடும். குழாயின் வாய் பக்கத்திலேயே அடினாய்டு என்ற சதை இருக்கிறது. சாதாரணமாக 7, 8 வயதுக்கு மேல் அது சுருங்கத் தொடங்கும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு அது வீங்கியே இருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். அது வீங்கினால் மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவார்கள், குறட்டை வரும், குழாய் வாயும் அடைபடும். காற்று போகாத நடுக்காதில் பிசின் மாதிரி ஒரு நீர் தேங்கும். செவிப்பறை ஓட்டை இல்லாமல் முழுசாக இருக்கும், வெளியே ஒரு சொட்டும் வராது, வலியும் இருக்காது. ஆனால் கேட்பது மட்டும் குறையும். வலது காதில் ஓட்டை விழுந்து வெளியே வடிகிறது, இடது காதில் ஓட்டை இல்லாமல் உள்ளேயே தேங்குகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றாகவே இருக்கலாம்.

இது நல்ல செய்தி என்றே நான் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதற்கு வழி இருக்கிறது. இன்னொரு சாத்தியம் கொஞ்சம் கடினமானது. அதையும் சொல்ல வேண்டும்.

காசநோய்க்கு முன்பு கொடுத்த ஊசிகளில் ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிக்காசின் மூன்றும் உட்காதைக் கெடுக்கக் கூடியவை. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப வளராது. இதனால்தான் இப்போது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக்கூட ஊசி இல்லாமல் மாத்திரைகளாலேயே சிகிச்சை கொடுக்கும் முறைக்கு உலக சுகாதார நிறுவனம் மாறிவிட்டது. கனாமைசினை 2018-க்குப் பிறகு கைவிடவே சொல்லிவிட்டார்கள். உங்கள் பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது பழைய சிகிச்சை அட்டையில் இருக்கும். அக்கா வைத்திருந்த காகிதங்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அவளுக்கு எச்.ஐ.வி. மருந்து தரும் மையத்துப் பழைய பதிவேட்டில் எழுதியிருக்க வாய்ப்புண்டு. மாத்திரை மட்டும்தான் என்று தெரிந்தால் இந்தப் பயத்தை விட்டுவிடலாம். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகள் காதைக் கெடுப்பவை அல்ல.

ஊசியால் வரும் குறைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அது உச்ச ஒலிகளில் தொடங்கும். கதவு தட்டும் சத்தம், ஆண் குரல், வண்டிச் சத்தம் எல்லாம் கேட்கும். ஆனால் ச, ஸ, த போன்ற எழுத்துகளின் மெல்லிய ஒலி தவறிப்போகும். அதனால் "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னு புரியலை" என்ற நிலை வரும். பெரியவர்கள் கண்ணுக்கு இது கவனக்குறைவாகவே தெரியும். ஸ்ட்ரெப்டோமைசின் உடம்பின் சமநிலையையும் கெடுக்கும். இருட்டில் நடக்கும்போது அவள் தடுமாறுகிறாளா என்று பாருங்கள். தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூளைக்காய்ச்சல் வந்திருந்தாலும், தாய் வயிற்றிலேயே சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியிருந்தாலும் உட்காது கெடலாம். இரண்டாவது சொன்னது எச்.ஐ.வி. உள்ள தாய்களின் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பிறந்தபோது நன்றாகக் கேட்டுச் சில வருடம் கழித்துக் குறைவதும் உண்டு. காரணம் எதுவானாலும் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்.

இரண்டு காதுக்கும் முழுமையான கேட்புச் சோதனை. "சீழைப் பாருங்கள் டாக்டர்" என்று போனால் சீழை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது நடக்கிற காரியம். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "இரண்டு காதிலும் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுங்கள்." 10 வயதுக் குழந்தைக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் ஆடியோமெட்ரி நன்றாகவே செய்யலாம். அதில் காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். எலும்பு வழியில் நன்றாகக் கேட்டு, காற்று வழியில் மட்டும் குறைந்தால் கோளாறு நடுக்காதில். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் உட்காதில். காசநோய் ஊசி போட்டது உறுதியானால் 8,000 ஹெர்ட்ஸ் என்ற உச்ச ஒலி வரையும், வசதி இருந்தால் அதற்கு மேலும் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப்பின் தொடக்கம் அந்த முனையில்தான் தெரியும். அப்புறம் டிம்பனோமெட்ரி என்று ஒன்று இருக்கிறது. வலிக்காது, ஒரு நிமிட வேலை. இடது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

முடிவைக் கையில் வாங்கும்போது டெசிபெல் கணக்கு, அதாவது காதில் விழுகிற மிக மெல்லிய சத்தத்தின் அளவு, தெரிந்திருந்தால் உதவியாக இருக்கும். இப்போது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுப்படி 20-க்குக் கீழே இருந்தால் நல்ல காது. 20 முதல் 35-க்குள் லேசான குறை, 35 முதல் 50-க்குள் நடுத்தரம், அதற்கு மேல் கடுமையை நோக்கிப் போகும். "லேசான" என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பெரியவர் ஒருவர் விட்டுப்போன சொல்லை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். இன்னும் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. செவிப்பறையில் ஓட்டை மட்டும் என்றால் குறை பெரும்பாலும் 40 டெசிபெல்லைத் தாண்டாது. தாண்டினால் உள்ளே இருக்கும் சிறு எலும்புகளும் அரித்திருக்கலாம் என்று மருத்துவர் தேடுவார்.

வலது காதுக்கு இரண்டு வருடமாக நடப்பதை ஒரு வரியில் சொல்லலாம்: மருந்து பாதியில் நிற்கிறது. சீழ் நின்றால் நோய் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. இப்படி நாள்பட்டு வடிகிற காதுக்கு மருந்துச் சொட்டு வழக்கமாக இரண்டு வாரம் விட வேண்டும். இரண்டு மூன்று நாளில் நின்றாலும் அளவை முடிக்க வேண்டும். இன்னொரு விஷயம், சீழ் நிறைந்த காதுக்குள் சொட்டு விட்டால் அது சீழின் மேலேயே மிதந்து வெளியே வந்துவிடும். அதனால் முதலில் உலர்த்த வேண்டும். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியைத் திரி மாதிரி முறுக்கிக் காதுக்குள் வையுங்கள். நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதுசு வையுங்கள். திரி உலர்ந்து வெளியே வரும்வரை இப்படிச் செய்து, பிறகு மருந்து விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை. பட்ஸ் வேண்டாம், அது சீழை உள்ளே தள்ளும், ஓட்டையையும் பெரிதாக்கும்.

மருந்துப் புட்டியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த சொட்டு தலைசுற்ற வைக்கும். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை மேலாகவும் பின்னாகவும் இழுத்து விடுங்கள். காதின் முன்னால் இருக்கும் சிறு மேட்டை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள், மருந்து உள்ளே இறங்கும். சில நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும்.

எந்தச் சொட்டு என்பதும் முக்கியம். செவிப்பறையில் ஓட்டை உள்ள காதுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகைச் சொட்டுகள் பாதுகாப்பானவை. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை வழியாக உட்காதுக்குப் போய்க் கெடுதல் செய்யக்கூடும். வீட்டில் பாதி மீந்திருக்கும் பழைய புட்டியை எடுத்து விடாதீர்கள், லேபிளைப் படித்துக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயும் மூலிகைச் சாறும் எந்த நாளும் வேண்டாம். வாய்வழி ஆன்டிபயாடிக் இந்த மாதிரிக் காதுக்குச் சொட்டு அளவுக்கு வேலை செய்வதில்லை. அதையே திரும்பத் திரும்ப வாங்கிக் கொடுப்பதில் பயன் குறைவு.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் வேறு இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். ஒன்று காதுக் காசநோய். வலியில்லாமல் வடிவது, வழக்கமான மருந்துக்கு அடங்காமல் இருப்பது, சீழின் அளவுக்குப் பொருந்தாமல் கேட்பது நிறையக் குறைவது எல்லாம் அதன் போக்கு. முன்பு காசநோய் வந்த குழந்தை என்பதால் மருத்துவரிடம் இதை நீங்களே நினைவுபடுத்துங்கள்; சீழைச் சோதனைக்கு அனுப்புவார். இன்னொன்று, நாற்றமடிக்கும் சீழோடு செவிப்பறையின் மேல் மூலையில் தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய். அதற்குச் சொட்டு மருந்து போதாது, அறுவை சிகிச்சை தேவைப்படும். வெறும் ஓட்டைதான் என்றால் காது உலர்ந்த பிறகு அதை மூடும் அறுவை சிகிச்சை உண்டு. எச்.ஐ.வி. இருப்பது அதற்குத் தடை இல்லை. வைரஸ் கட்டுக்குள் இருக்கிற உங்கள் பெண் மற்றக் குழந்தைகளைப் போலவே தேறுவாள்.

காதுக்குப் பின்னால் வீங்கி, தொட்டால் வலித்தாலோ, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, காய்ச்சலோடு மயக்கமாக இருந்தாலோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

காது மருத்துவரிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். அவர் தன்னைக் காத்துக்கொள்ள அல்ல. எல்லா நோயாளிகளிடமும் ஒரே மாதிரி கையுறையும் சுத்தமும்தான், அதில் உங்கள் பெண்ணுக்குத் தனி விதி கிடையாது. அவளுக்கு எழுதுகிற மருந்து சரியாக இருப்பதற்காகச் சொல்லச் சொல்கிறேன். ஒரு உதாரணம், அவள் குறட்டைக்கும் மூக்கடைப்புக்கும் பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதுவார்கள். அவள் சாப்பிடும் மருந்தில் ரிட்டோனாவிர் இருந்தால், ஃப்ளூட்டிகசோன், பியூடெசோனைடு வகை ஸ்ப்ரேக்கள் உடம்பில் கரையாமல் சேர்ந்துவிடும். முகம் உப்பும், வளர்ச்சி தடைபடும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பே அடங்கிப்போகும். பெக்லோமெத்தசோன் அந்த அளவுக்குச் சிக்கல் செய்யாது. டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறாள் என்றால் ஸ்ப்ரேயில் பிரச்சினை இல்லை. ஆனால் இரும்புச்சத்து, கால்சியம் டானிக்கை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துக் கொடுத்தால் மாத்திரை உடம்பில் ஏறாது. உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் டோலுடெக்ராவிர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து டானிக்கைக் கொடுங்கள். காதுக் காசநோய் என்று தெரிந்து ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைத் தொடங்கினால் எச்.ஐ.வி. மருந்தின் அளவையே மாற்ற வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒருவர் மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. மாத்திரை டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கும்போது அதை எடுத்துக் காட்ட வேண்டாம், அறைக்குள் போன பிறகு காட்டினால் போதும்.

உங்கள் மகனைப் பற்றி நிம்மதியாக இருங்கள். தலையணையில் பட்ட சீழால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. சேர்ந்து தூங்குவதால், கட்டிப்பிடிப்பதால், அவள் காதைத் துடைத்துவிடுவதால் பரவாது. அவளுக்கு வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பது கூடுதல் நிம்மதி. சீழில் எப்போதாவது இரத்தம் தெரிந்தால், உங்கள் கையில் புண் இருந்தால், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குழந்தைக்கும் இதே எச்சரிக்கைதான். சீழில் இருக்கும் மற்றக் கிருமிகளுக்காக அவள் துண்டைத் தனியாக வையுங்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள், காதைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பயந்து அவர்களைத் தனித்தனியாகப் படுக்க வைத்தால் அந்தப் பெண் அதை வேறு மாதிரி புரிந்துகொள்வாள். அவளைச் சேர்த்தே படுக்க வையுங்கள்.

பள்ளிக்குத் தெரிய வேண்டியது காது மட்டும்தான். ஆடியோகிராமும் (கேட்புச் சோதனையின் முடிவுத் தாள்) "இரு காதிலும் கேட்கும் திறன் குறைவு" என்ற வகையில் ஒரு மருத்துவக் குறிப்பும் போதும், அதில் எச்.ஐ.வி. என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. எழுதித் தந்தால் மாற்றிக் கேளுங்கள். டீச்சரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: முன் வரிசையில், நன்றாகக் கேட்கிற காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்க வேண்டும்; பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் குழந்தைகளைப் பார்த்துப் பேச வேண்டும்; வீட்டுப்பாடத்தை எழுதிப் போட வேண்டும். கத்திப் பேசுவதால் பயனில்லை, ஒலி சிதைந்துதான் போகும். கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும்.

காது கேட்கும் கருவி வேண்டியிருந்தால் தயங்காதீர்கள். ஆனால் வடிகிற காதுக்குள் கருவியின் அச்சை வைத்து அடைத்தால் காற்றோட்டம் போய்ச் சீழ் அதிகமாகும். இடது காதில் உட்காதுக் குறை இருந்தால் கருவியை அங்கே மாட்டலாம். இரண்டு காதும் வடிந்தால், தலையில் பட்டை மாதிரிக் கட்டி எலும்பு வழியாக ஒலியைச் செலுத்தும் கருவி இருக்கிறது, அது காதை அடைக்காது. நீர் தேங்கியதுதான் காரணம் என்றால் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து, போகவில்லை என்றால் செவிப்பறையில் குட்டிக் குழாய் வைப்பதையோ அடினாய்டை எடுப்பதையோ மருத்துவர் யோசிப்பார்.

கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள், அவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை என்று. அது காதோடு தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். எச்.ஐ.வி. மையங்களில் ஆலோசகர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் நாமும் கிசுகிசுப்போம். காது மந்தமான குழந்தைக்குக் கிசுகிசுப்பு சுத்தமாகப் புரியாது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்பதை அவள் பாதி கேட்டுப் பாதி ஊகித்துத் தலையாட்டியிருப்பாள். தன்னைப் பற்றி ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்பது மட்டும் முகங்களைப் பார்த்தே தெரிந்திருக்கும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்குத் தங்கள் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும் என்பது 2011 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 10 வயதில் அவள் அதற்குத் தயாராகத்தான் இருப்பாள். கதவு மூடிய அறையில், வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சாதாரணக் குரலில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல ஆலோசகரிடம் ஏற்பாடு கேளுங்கள். சொன்ன பிறகு "என்ன புரிஞ்சுது, உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். அவள் கேட்டது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும். கேட்புச் சோதனை முடிவை மையத்துக் கோப்பிலும் சேர்க்கச் சொல்லுங்கள். எடையையும் வைரல் லோடையும் எழுதும் இடத்தில் காதுக்கும் ஒரு வரி இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது. நிமோகாக்கல் தடுப்பூசியும் வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசியும் போட்டாயிற்றா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காதுத் தொற்றைக் குறைப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு.

தலைக்குக் குளிப்பது பற்றி: தாராளமாகக் குளிக்கலாம். பஞ்சில் வாசலைனைத் தடவி வலது காதின் வாயை மூடிவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றுங்கள், முடிந்ததும் பஞ்சை எடுத்துவிடுங்கள். நீச்சலும் முங்கிக் குளிப்பதும் ஓட்டை மூடும்வரை வேண்டாம்.